தண்ணீர் குடித்த இஞ்சின்

உங்கள் இருவருக்காகவும் இதை எழுதி வைக்கிறேன். வாயால் சொன்னால் எனக்கு வசதியானபடி மாற்றிச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. அப்பா பத்தாவதோடு நின்றவன். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

மாரமங்கலம் பஸ்ஸில் போய் பாதி வழியில் இறங்கி, மிளகுக்கொடி படர்ந்த மரங்களுக்கு நடுவே கொஞ்ச தூரம் நடந்தால் ஒரு காபி எஸ்டேட் வரும். அதன் பெயர் வேண்டாம். மருந்து அடிக்கும் மெஷின், தண்ணீர் பம்ப், காபிப் பழத்தின் தோலை உரிக்கும் பல்பர் என்று அந்த எஸ்டேட்டில் ஓடுகிற எல்லாவற்றுக்கும் பல வருஷமாக நான்தான் மெக்கானிக். டவுனில் நம் பைக் கடை. வாரத்தில் ஒரு நாள் எஸ்டேட் வேலை. அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

எஸ்டேட்டின் பள்ளத்தில் மழைத் தண்ணீரைத் தேக்கி வைக்கும் பெரிய குளம் ஒன்று உண்டு. அங்கே எல்லோரும் அதை டேங்க் என்பார்கள். காபி பூக்கும் பருவத்தில் செடிகளுக்குத் தெளிக்கவும், அறுவடைக் காலத்தில் பல்பருக்கும் அதிலிருந்துதான் தண்ணீர் ஏறும். கரையில் ஒரு பம்ப் ரூம். அதைப் பார்த்துக்கொண்டவர் ஒரு அக்கா. எனக்குப் பத்து வயது மூத்தவர். பம்ப்பைப் போடுவதும் நிறுத்துவதும், பல்பர் ஓடும் மாதங்களில் அங்கே தண்ணீர் விடுவதும் அவர் வேலை. அவருடைய வீட்டுக்காரர் மரத்திலிருந்து விழுந்து இடுப்பில் அடிபட்டவர். வாசல் வரைக்கும்தான் நடப்பார். இரண்டு பேரும் எஸ்டேட் ஆட்களுக்கான வரிசை வீடுகளில், லயன் என்பார்கள், ஒரு வீட்டில் இருந்தார்கள். அக்காவின் பெயர் வேலைப் பதிவில் இருக்கும் வரைக்கும்தான் அந்த வீடு.

எஸ்டேட்காரரின் மகனை எல்லோரும் சின்னவர் என்பார்கள். சென்னையில் வேலை. மாதம் ஒரு முறை வருவார். ஒரு தடவை வரும்போது மினி லாரியில் ஒரு ஜெட் ஸ்கீயை ஏற்றிக்கொண்டு வந்தார். யாரோ ஓட்டிப் பழசானதை வாங்கியிருந்தார். கடலில் சுற்றுலாக்காரர்கள் உட்கார்ந்து ஓட்டுகிற மாதிரி அல்ல. இதில் சீட்டே கிடையாது. பின்பக்கத்தில் ஒரு தட்டு இருக்கும். அதன் மேல் நின்றுகொண்டு, முன்னால் நீட்டியிருக்கும் கைப்பிடியைப் பிடித்து ஓட்ட வேண்டும். வேகம் எடுத்தால்தான் அது தண்ணீருக்கு மேலே வரும். நின்றால் பாதி முங்கிக் கிடக்கும். ஓட்டுகிறவர் பழகும் வரைக்கும் விழுந்துகொண்டே இருப்பார், வண்டியும் கவிழ்ந்துகொண்டே இருக்கும்.

உள்ளே இருந்தது இரண்டு சிலிண்டர் உள்ள டூ-ஸ்ட்ரோக் இஞ்சின். பழைய பைக்கில் நான் கை வைத்துப் பழகிய அதே வகைதான், கொஞ்சம் பெரிசு. மூடியைத் திறந்து பார்த்ததுமே இதை நம்மால் பார்த்துக்கொள்ள முடியும் என்று தோன்றியது. சின்னவர் ஒரு காகிதத்தையும், போனில் சில வீடியோக்களையும் கொடுத்தார். எல்லாம் இங்கிலீஷ். படத்தைப் பார்த்துப் பார்த்துப் புரிந்துகொண்டேன்.

அதற்கு ஒரே பகை தண்ணீர்தான். தண்ணீர் மேலேயே ஓடுகிற வண்டி, ஆனால் ஒரு டம்ளர் தண்ணீர் உள்ளே போனால் போச்சு. சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலே வரும்போது காற்று நசுங்கும். தண்ணீர் நசுங்காது. பிஸ்டன் வந்து தண்ணீரில் முட்டினால், அதைத் தள்ளுகிற கனெக்டிங் ராடு வளைந்துவிடும். வளையாமல் தப்பித்தாலும் கீழே பேரிங்கில் தண்ணீர் தங்கினால் சில நாளில் துரு ஏறிவிடும். அதனால் தண்ணீர் குடித்த இஞ்சினை உடனே ஸ்டார்ட் பண்ணவும் கூடாது, அப்படியே போட்டு வைக்கவும் கூடாது.

முதல் மாதமே அது கவிழ்ந்தது. சின்னவர் தண்ணீரில் நீந்திக்கொண்டே அதை நிமிர்த்தினார். பின்பக்கம் ஒரு அம்புக்குறி ஒட்டியிருக்கும். அந்தப் பக்கமாகத்தான் உருட்டி நிமிர்த்த வேண்டும். மாற்றி உருட்டினால் புகைக்குழாயில் தங்கியிருக்கும் தண்ணீர் இஞ்சினுக்குள் போய்விடும். அவர் மாற்றி உருட்டிவிட்டார். வண்டி அணைந்துவிட்டது. கயிறு கட்டிக் கரைக்கு இழுத்து வந்தோம். அவர் ஸ்டார்ட் பொத்தானில் விரலை வைத்தார்.

"தொடாதீங்க சார்" என்றேன். கொஞ்சம் அதட்டலாகவே வந்துவிட்டது.

இரண்டு பிளக்கையும் கழற்றினேன். பிளக் வயரை இஞ்சின் பக்கத்தில் அதற்கென்று இருக்கும் இடத்தில் மாட்டினேன், பொறி வரக்கூடாது என்பதற்காக. வாலைத் தூக்கி வைத்துவிட்டுப் பொத்தானை விட்டு விட்டு அமுக்கினேன். பிளக் ஓட்டை இரண்டிலிருந்தும் தண்ணீர் பீச்சியடித்தது. பம்ப் ரூம் வாசலில் நின்ற அக்கா மேலேயும் விழுந்தது.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அக்கா சொன்னார், "கல்யாண ஊட்டு வாசல்ல நிறுத்தி வச்சா பன்னீர் தெளிக்கற வேல மிச்சம் தம்பி."

"பன்னீரோட பெட்ரோலும் வரும், பரவால்லையாங்கக்கா?"

"மாப்பள ஊட்டாருக்கு அதுவே போதும்."

சின்னவர்கூடச் சிரித்தார். தண்ணீர் வருவது நின்றதும் சிலிண்டருக்குள் கொஞ்சம் ஆயில் விட்டேன். கார்புரேட்டரை வடித்தேன். புது பிளக் மாட்டிப் பொத்தானை அமுக்கினேன். வெள்ளையாகப் புகை கக்கிக்கொண்டு பிடித்துக்கொண்டது. சின்னவர் என் தோளில் தட்டி, "நீங்க இல்லன்னா இன்னிக்கு இது பழைய இரும்பு" என்றார். அதை நான் டவுனில் எத்தனை பேரிடம் சொன்னேன் என்று உங்கள் அம்மாவுக்குத் தெரியும்.

இனிமேல்தான் நான் எழுத வேண்டியது வருகிறது.

நம் மலைத் தண்ணீரில் செம்மண் கலங்கல் உண்டு. இஞ்சினைக் குளிரவைக்கச் சுற்றி வரும் குழாயில் அது படிந்துவிடும். அதனால் வண்டியைக் கரையில் வைத்து, நல்ல தண்ணீர் டியூபை இஞ்சினில் மாட்டி, வாரம் ஒரு முறை ஒரு நிமிஷம் ஓட விட வேண்டும். இதில் வரிசை முக்கியம். முதலில் இஞ்சின் ஓட வேண்டும், அப்புறம்தான் தண்ணீரைத் திறக்க வேண்டும். முடிக்கும்போது முதலில் தண்ணீரை மூட வேண்டும், அப்புறம்தான் இஞ்சினை நிறுத்த வேண்டும். இஞ்சின் ஓடினால் புகையின் வேகம் தண்ணீரை வெளியே தள்ளிவிடும். ஓடாத இஞ்சினுக்குத் தண்ணீரைத் திறந்தால் அது புகைப்பெட்டியை நிறைத்து, பின்னோக்கி ஏறி, சிலிண்டருக்குள் இறங்கிவிடும்.

இது எனக்குத் தெரியும். ஒவ்வொரு தடவையும் நான் அந்த வரிசையில்தான் செய்தேன்.

சுற்றுலாக்காரர்கள் கூட்டம் அதிகமான ஒரு மாதம், டவுன் கடையில் வேலை குவிந்துவிட்டது. இந்த ஒரு நிமிஷ வேலைக்காக வாரா வாரம் போய் வருவது கஷ்டமாக இருந்தது. பம்ப்பே ஓட்டுகிற அக்கா இதைச் செய்ய மாட்டாரா என்று நினைத்தேன். டியூபை எங்கே மாட்டுவது, பொத்தான் எது என்று காட்டினேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பையைத் தோளில் போட்டுக்கொண்டே சொன்னேன்.

"தண்ணியத் தொறந்து உட்டு, பொத்தான அமுக்கி ஒரு நிமிஷம் ஓட உட்ருங்கக்கா. வாரத்துக்கு ஒருக்கா."

"அவ்வளவுதானா? பல்பராட்டத்தான?"

"ஆமாங்கக்கா, பல்பராட்டத்தான்."

இந்த வார்த்தையை நான் மறக்கவில்லை. பல்பரில் முதலில் தண்ணீர், பிறகுதான் இஞ்சின். தண்ணீர் இல்லாமல் பல்பர் சுற்றினால் பழம் நசுங்கிக் கொட்டை உடைந்துவிடும். நிறுத்தும்போது இஞ்சின் முதலில், தண்ணீர் கடைசியில். பம்ப்பும் அப்படித்தான், உள்ளே தண்ணீரை நிரப்பிவிட்டுத்தான் போட வேண்டும். அக்கா இருபது வருஷமாகச் செய்த பழக்கம் அது. ஜெட் ஸ்கீக்கு நேர் தலைகீழ். நான் வாயால் சொன்ன வரிசையும் தலைகீழ். சொல்லும்போது எனக்கு அது உறைக்கவே இல்லை. எனக்கும் பல்பர் பழக்கம்தானே.

முதல் இரண்டு வாரம் ஒன்றும் ஆகவில்லை. பொத்தானை அமுக்கியதுமே இஞ்சின் பிடித்துக்கொண்டதால் உள்ளே போன கொஞ்சம் தண்ணீர் வெளியே தள்ளப்பட்டிருக்கும். நிறுத்தியபோதும் அக்கா தண்ணீரை உடனே மூடியிருப்பார். மூன்றாவது வாரம் விடாத தூறல். பக்கத்தில் நிற்கும் ஆள் தெரியாத அளவுக்கு மஞ்சு இறங்கியிருந்தது. ஈரத்தில் வண்டி லேசில் பிடிக்கவில்லை. அக்கா தண்ணீரைத் திறந்து வைத்துவிட்டு அமுக்கிக்கொண்டே இருந்திருக்கிறார். தண்ணீர் பாட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தது. கடைசியில் டக்கென்று ஒரு சத்தம். அதோடு அசையவில்லை. பேட்டரி தீர்ந்துவிட்டது போல, தம்பி வந்தால் பார்க்கட்டும் என்று மூடி வைத்துவிட்டார். பள்ளத்தில் போன் எடுக்காது. அந்த வாரமும் நான் போகவில்லை, அடுத்த வாரமும் போகவில்லை.

ஒரு சனிக்கிழமை சின்னவர் நண்பர்களோடு வந்து பொத்தானை அமுக்கினார். வண்டி ஒரு முனகலோடு நின்றது. எனக்கு ஆள் அனுப்பினார்கள்.

இஞ்சினை இறக்கிப் பல்பர் இருக்கும் கொட்டகைத் தாழ்வாரத்தில் வைத்துப் பிரித்தேன். பழுப்பு நிறத்தில் தண்ணீர் ஊற்றியது. பேரிங் உருளைகளில் துரு. ஒரு ராடு பார்த்த உடனே தெரியும்படி வளைந்திருந்தது. சின்னவர் பக்கத்தில் குனிந்து நின்றார். எஸ்டேட் கணக்கும் ஆள் பதிவும் பார்க்கிற ரைட்டர் குடையை மடக்கிக்கொண்டு நின்றார். அக்கா பம்ப் ரூம் பக்கத்திலிருந்து வந்து தூணோரம் நின்றார்.

"தண்ணி எப்படி உள்ள போச்சு?" என்று சின்னவர் கேட்டார்.

"டியூப் தண்ணிதானுங்க. இஞ்சின் ஓடாதப்பத் தொறந்து உட்ருக்காங்க."

ஒவ்வொரு சொல்லும் நிஜம். ரைட்டர் அக்கா பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, தெரியாத மெஷின்ல எதுக்குக் கை வெக்கறீங்க? பம்ப்ப மட்டும் பாத்துக்கச் சொன்னா, கப்பல் ஓட்டறீங்களோ?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் வளைந்த ராடைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்தான் சொன்னேன் என்று ஒரு வார்த்தை வந்திருந்தால் போதும். இத்தனை வருஷம் சேர்த்த பேர், தோளில் தட்டிய கை, எல்லாம் அந்த ஒரு வார்த்தையோடு போய்விடும் என்று தோன்றியது. ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

சாமான்களைக் கட்டிக்கொண்டு மேட்டில் ஏறும்போது அக்கா பின்னாலேயே வந்தார். அவருக்கு மூச்சு வாங்கியது.

"ஏந் தம்பி, நீ சொன்ன மாதிரிதான செஞ்சேன்?"

இந்த இடத்தை விட்டுவிட்டு எழுதினால் என்ன என்று தோன்றுகிறது. ஆனால் எழுதத்தான் வேண்டும்.

"வண்டி ஓடறதுக்கு முன்ன தண்ணி உடாதீங்கன்னு சொன்னனேக்கா."

அக்கா நின்றுவிட்டார். கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்படவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு ஏதோ தேடுகிறவர் மாதிரி கீழே பார்த்தார்.

"சொன்னியா? எனக்குத்தான் நெனப்பு இல்லயாட்ட இருக்குது" என்றார். "சரி தம்பி. பஸ் வந்துரும், நீ போ."

செவ்வாய்க்கிழமை நான் சாப்பிட உட்கார்ந்தபோது உங்கள் அம்மா கேட்டாள். அவள் கடைவீதியில் கேள்விப்பட்டு வந்திருந்தாள்.

"ஏனுங்க, அந்த டேங்க் அக்காவ வேலைய உட்டு நிறுத்திட்டாங்களாமா. மாசக் கடைசிக்குள்ள ஊட்டக் காலி பண்ணோணுமாமா."

நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

"நடக்க முடியாத மனுசன வச்சுட்டு அந்தக்கா எங்க போவும்? நீங்களாச்சும் சின்னவருகிட்டச் சொல்லலாமில்ல. அந்த மெஷின் உங்களுக்குத்தான தெரியும்."

"எனக்குத்தான் தெரியும்" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள்.

மறுநாள் காலையில் கடையைத் திறக்காமல் முதல் பஸ்ஸில் போனேன். சின்னவர் ஆபீஸில் இருந்தார். இஞ்சினைக் கீழே சேலத்துக்குக் கொண்டுபோகிற ஏற்பாட்டில் இருந்தார். ரைட்டரும் இருந்தார். உட்காரச் சொன்னார்கள். உட்காரவில்லை.

"சார், அந்த அக்கா மேல தப்பு இல்லைங்க. தண்ணியத் தொறந்து உட்டு ஸ்டார்ட் பண்ணுங்கன்னு நான்தான் சொல்லிக் குடுத்தேன். மாத்திச் சொல்லிட்டேன். வண்டி நின்னதுக்கப்பறமும் ரெண்டு வாரம் வந்து பாக்கல."

சின்னவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"சனிக்கிழமை ஏன் சொல்லல?"

"பயந்துட்டேனுங்க."

"எதுக்கு?"

"என் பேரு கெட்டுப் போயிருமேன்னு."

ரைட்டர் இருமினார். "நல்லா இருக்குதுங்க உங்க நாயம். நாலு நாளா அந்தம்மா எங்கிட்ட வந்து அழுதுட்டு நிக்குது. நீங்க கடைல உக்காந்து பஞ்சர் ஒட்டிட்டு இருந்தீங்களாக்கும்."

சின்னவர் "அந்தம்மா இருக்கட்டும். பம்ப் ரூம் வேலையே பார்க்கட்டும்" என்று ரைட்டரிடம் சொன்னார். என் பக்கம் திரும்பி, "இஞ்சின் கெட்டது பெரிசில்லங்க. ஆனா நீங்க இனி இங்க வேலைக்கு வரவேண்டாம்" என்றார். குரலை உயர்த்தவில்லை. சரிங்க என்று சொல்லிவிட்டு வந்தேன். எஸ்டேட் வேலை ஏன் நின்றது என்று நீங்கள் கேட்டபோது, தூரமாக இருக்கிறது, ஒத்து வரவில்லை என்று சொன்னேன். அது பொய்.

ஆபீஸிலிருந்து நேராக லயனுக்குப் போனேன். அக்கா வாசலில் உட்கார்ந்து பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார். ஒன்றோடொன்று இடிக்காமல் இருக்க நடுவில் பழைய துணியை வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் உள்ளே கட்டிலில் இருந்தார்.

"அக்கா, நீங்க இங்கயே இருக்கலாம்னு சின்னவரு சொல்லிட்டாருங்க. ரைட்டர் வந்து சொல்லுவாரு" என்றேன். அதை முதலில் சொன்னது தப்பு என்று உடனே பட்டது. "நான் போய்ச் சொல்லிட்டேன். என் தப்புதானுங்க. வண்டி ஓடறதுக்கு முன்ன தண்ணி உடாதீங்கன்னு நான் உங்ககிட்டச் சொல்லவே இல்லைங்க. பல்பராட்டத்தான்னு சொன்னது நான்தான்."

அக்காவின் கை சாக்குக்குள்ளேயே நின்றது.

"சொல்லலயா?"

"சொல்லலைங்க."

"நிசமா சொல்லலயா தம்பி?"

"நிசமாத்தானுங்க. அன்னிக்கு மேட்டுல சொன்னது பொய்."

அவர் உள்ளே திரும்பிக் கட்டிலைப் பார்த்துச் சொன்னார், "கேட்டீங்களா? எனக்குப் புத்தி தடுமாறல."

"நான்தான் அப்பவே சொன்னனே" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அக்கா முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். என்னைப் பார்க்காமல் பேசினார்.

"எங்கம்மாளுக்கு இப்பிடித்தான் ஆரம்பிச்சுது. மொதல்ல சொன்னது மறந்துச்சு, பொறவு எங்களையே தெரியல. நாலு நாளா நான் படற பாடு எனக்குத்தான் தெரியும். அடுப்ப அணைச்சனா, கதவச் சாத்துனனான்னு எந்திரிச்சு எந்திரிச்சுப் பாக்கறேன். இவருக்கு மாத்தரை குடுத்துட்டு, குடுத்தனா இல்லையான்னு இவருகிட்டயே கேக்கறேன். ஊடு போனாப் போவுது, வாழவந்தி ஊருல என் தங்கச்சி ஊட்டுல போயிக் கெடந்திருப்போம். எனக்கும் நெனப்பு போயிட்டா இந்த மனுசன யாரு பாக்கறது?"

வேலையும் வீடும் போகிற கவலைதான் என்று நான் நினைத்திருந்தேன். என் ஒரு வார்த்தை அந்த மனுஷியைத் தன் புத்தியையே நம்ப முடியாமல் செய்துவிட்டது என்பது எனக்குத் தோன்றவே இல்லை. மன்னிச்சுருங்கக்கா என்று சொன்னேன். எப்போது போனாலும் அந்த வாசலில் எனக்கு ஒரு டம்ளர் டீ வரும். அன்றைக்கு வரவில்லை.

சாக்கின் வாயை விரித்துப் பாத்திரங்களை வெளியே எடுக்க ஆரம்பித்தார். துணியை உருவி, ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்து, வாசலில் வரிசையாக வைத்தார். அடியில் பெரிய குண்டா சிக்கிக்கொண்டது. பிடிப்போம் என்று நான் குனிந்தேன்.

"உடு தம்பி. நீ போ" என்றார் அக்கா. "எது எங்க இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும்."